நோஸ்ஃபெராட்டு (2024): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராபர்ட் எக்கர்ஸ் இயக்கிய ‘நோஸ்ஃபெராட்டு’ படத்தைப் பார்த்தவர்களும் பார்க்கப் போகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முடிவைப் பற்றிய கேள்வியின் தலைப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. இன்னும் படம் பார்க்காதவர்கள் அதை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள்.

கதையைக் கெடுக்காமல், படம் எதைப் பற்றியது என்று சொல்ல முடியுமா?

முடியும். வருடம் 1838. ஜெர்மனியில் விஸ்பர்க் என்ற கற்பனைத் துறைமுக ஊர். புதிதாகக் கல்யாணமான தாமஸ் ஹட்டர், வீடு வாங்கி விற்கும் தரகு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறான். கார்பேத்திய மலைகளுக்கு அப்பால் ஒரு கோட்டையில் வாழும் ஓர்லோக் என்ற பிரபு இந்த ஊரில் வீடு வாங்க விரும்புகிறார், நேரில் போய்ப் பத்திரத்தை முடித்துக்கொண்டு வா என்று முதலாளி க்னாக் அவனை அனுப்பிவைக்கிறார். வேலை நிலைக்கும், நண்பனிடம் பட்ட கடனும் அடையும் என்று தாமஸ் கிளம்புகிறான். போகாதே என்று மனைவி எல்லன் கெஞ்சுகிறாள். அவளுக்கு அந்தப் பிரபுவை முன்பே தெரியும்.

படமே அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. ரத்தக்காட்டேரி ஊருக்குள் நுழையும் கதைகள் எத்தனையோ வந்துவிட்டன. சிறுமியாக இருந்தபோது தனிமை தாங்காமல், யாராவது துணைக்கு வாருங்கள் என்று இருட்டைப் பார்த்து வேண்டி, அந்த வேண்டுதலுக்குக் காட்டேரியே பதில் கொடுத்துவிட்ட ஒரு பெண்ணின் பக்கம் நின்று சொல்லப்பட்ட கதை இது. எனக்கு இந்தப் படம் இவ்வளவு பிடித்துப்போக அதுதான் காரணம்.

1922-இல் வந்த பழைய படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதைப் பார்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆனால் அதன் கதை தெரிந்தால் நல்லது, ஏனென்றால் அதுவே ஒரு தனிப் படம் எடுக்கும் அளவுக்குச் சுவையானது.

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவல் 1897-இல் வெளியானது. ஜெர்மனியில் பிரானா ஃபிலிம் என்ற சிறு நிறுவனம், உரிமை வாங்காமல் அதைப் படமாக்கியது. டிராகுலா ஓர்லோக் ஆனான், நாவலின் நாயகி மினா எல்லன் ஆனாள், லண்டன் ஜெர்மன் துறைமுகம் ஆனது. எஃப். டபிள்யூ. முர்னாவ் இயக்கினார். பிரபுவாக மாக்ஸ் ஷ்ரெக் நடித்தார். ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் சும்மா விடவில்லை, வழக்குப் போட்டார். நிறுவனம் அந்த ஒரே படத்தோடு திவாலானது. 1925-இல் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிடும்படி ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் வெளிநாடுகளுக்குப் போய்விட்ட பிரதிகளால்தான் படம் பிழைத்தது.

சூரிய வெளிச்சம் பட்டால் ரத்தக்காட்டேரி செத்துவிடும் என்று இன்று எல்லோரும் நம்புகிறோமே, அது இந்தப் படம் போட்ட விதை. ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடந்து போகிறான். பகலில் அவனுக்குச் சக்தி குறையும், அவ்வளவுதான்.

1979-இல் வெர்னர் ஹெர்ஸாக், க்ளாஸ் கின்ஸ்கியை வைத்து இதே கதையை மறுபடி எடுத்தார். எக்கர்ஸ் பள்ளியில் படிக்கும்போதே இதை மேடை நாடகமாகப் போட்டவர். படமாக எடுக்கப்போவதாக 2015-இலேயே சொல்லி, 2024-இல்தான் முடித்தார். ஒவ்வொரு காட்சியிலும் அந்தக் காத்திருப்பின் பலன் தெரிகிறது.

நிஜமாகவே பயமாக இருக்குமா?

திடுக்கிட வைக்கும் இடங்கள் சில இருக்கின்றன. அவற்றுக்காக இந்தப் படத்தைப் பார்க்க வேண்டாம். இதன் பயம் மெதுவாக ஏறுவது.

தாமஸ் கோட்டைக்குப் போய்ச் சேரும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பனி கொட்டும் காட்டுப் பாதையில் அவன் தனியாக நிற்கிறான். எதிரே குதிரை வண்டி வருகிறது, ஓட்டுகிறவர் யாரும் இல்லை. கதவு தானாகத் திறக்கிறது. அவன் ஏறுவது நமக்குத் தெரிவதே இல்லை. அடுத்த கணம் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். நடுவில் ஒரு துண்டு காலம் காணாமல் போய்விட்டது. கெட்ட கனவில் இப்படித்தான் நடக்கும். கோட்டைக்குள்ளும் அதே கதை. காமிரா ஒரு பக்கம் திரும்பி வருவதற்குள், அங்கே நின்ற பிரபு இங்கே நிற்கிறார்.

சாப்பாட்டு மேஜைக் காட்சி அதைவிட மேல். கணப்பில் நெருப்பு எரிகிறது, ஆனால் பிரபுவின் முகம் மட்டும் தெளிவாகத் தெரியாது. ஒரு தோள், நீண்ட நகங்களுள்ள ஒரு கை, இழுத்து இழுத்து விடும் மூச்சு. தாமஸ் மரியாதைக் குறைவாக அழைத்துவிட்டான் என்று அவர் கண்டிக்கிறார். தன் வம்சத்துக்கு உரிய முறையில்தான் தன்னை அழைக்க வேண்டும் என்கிறார். பிறகு, அவனுக்குப் புரியாத ஏதோ ஒரு மொழியில் எழுதிய காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். பொற்காசுப் பை மேஜையில் விழுகிறது. தாமஸின் கை நடுங்குகிறது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் துணிச்சல்கூட அவனுக்கு வரவில்லை. பெரிய இடத்து ஆள் ஒருவர் முன் நாக்கு ஒட்டிக்கொண்டு, படிக்காமலே கையெழுத்துப் போடும் ஏழை குமாஸ்தாவின் பயம் அது. நிக்கோலஸ் ஹோல்ட் அதை நடித்திருக்கும் விதத்தைப் பார்த்தபோது என் உள்ளங்கையும் வேர்த்துவிட்டது.

ஓர்லோக்குக்கு எதற்கு அவ்வளவு பெரிய மீசை?

இந்தக் கேள்வி கேட்காத ஆளே இல்லை. 1922-இன் ஓர்லோக் மொட்டைத் தலையும் எலிப் பல்லுமாக இருப்பான். இந்த ஓர்லோக், செத்து நெடுங்காலமான ஒரு திரான்சில்வேனிய ஜமீன்தார். உரோம மேலங்கி, உயரத் தொப்பி, அடர்ந்த மீசை, ஆங்காங்கே அழுகிய சதை. அந்தக் காலத்து கிழக்கு ஐரோப்பியப் பிரபு மீசை இல்லாமல் இருக்க மாட்டார். டிராகுலா என்ற பெயர் யாரிடமிருந்து வந்ததோ, அந்த விளாட் மன்னரின் பழைய ஓவியத்தில் மீசை இருக்கிறது. ஸ்டோக்கரின் நாவலிலும் டிராகுலாவுக்கு நீளமான வெள்ளை மீசை உண்டு. வழித்த முகமும் கறுப்பு மேலங்கியுமாக டிராகுலாவை நம் மனத்தில் பதித்தது பேலா லுகோசி நடித்த 1931 படம்.

எக்கர்ஸ் அதையெல்லாம் தள்ளிவிட்டு, கிராமத்து மக்கள் நிஜமாகவே நம்பிப் பயந்த பழைய காட்டேரியிடம் போயிருக்கிறார். 1725-இல் ஆஸ்திரியர்களின் ஆட்சியில் இருந்த செர்பியாவில், கிசிலியேவோ என்ற கிராமத்தில் பீட்டர் ப்ளோகோயோவிட்ஸ் என்பவர் செத்தபின் அடுத்தடுத்துப் பலர் செத்தார்கள். ஊரார் குழியைத் தோண்டினார்கள். உடல் அழுகாமல் இருந்தது, வாயில் ரத்தம் இருந்தது. மார்பில் கூர்மரத்தை இறக்கி, எரித்துவிட்டார்கள். கூட நின்ற அரசு அதிகாரி இதையெல்லாம் அறிக்கையாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். உடல் சிதையும்போது வயிறு உப்புவதும் வாய்வழியே கறுத்த திரவம் வெளியேறுவதும் இயல்பு என்று இன்று நமக்குத் தெரியும். அவர்களுக்கு அது ரத்தம் குடித்து வயிறு நிறைந்த பிணம். இப்படிக் குழி தோண்டுவது பரவிப் பரவி, 1755-இல் மரியா தெரசா பேரரசி ஆணை போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது.

இந்தப் படத்தின் காட்டேரி கழுத்தைக் கடிக்காமல் மார்பில் வாய் வைத்துக் குடிப்பதும் அந்த நாட்டுப்புற நம்பிக்கையிலிருந்து வந்ததே. தூங்கும்போது நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்து அமுக்குவது போன்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால் அந்தக் காட்சிகள் இன்னும் ஆழமாக இறங்கும்.

தாமஸ் தங்கும் கிராமத்தில், இரவில் ஒரு பெண்ணைக் குதிரையில் ஏற்றி எங்கே அழைத்துப் போகிறார்கள்?

இடுகாட்டுக்கு. கன்னி கழியாத ஒருவரைக் குதிரையில் ஏற்றிக் கல்லறைகளுக்கு நடுவே நடத்தினால், காட்டேரி படுத்திருக்கும் குழியைக் குதிரை தாண்டாது, நின்றுவிடும் என்பது பழைய நம்பிக்கை. பிரெஞ்சுத் துறவி ஒகஸ்டின் கால்மே 18-ஆம் நூற்றாண்டில் தொகுத்த நூலிலேயே இதைப் போன்ற சடங்கு வருகிறது. படத்தில் யாரும் இதை விளக்க மாட்டார்கள். தாமஸ் தூரத்திலிருந்து பார்க்கிறான். அவனுக்கு எவ்வளவு புரிகிறதோ அவ்வளவுதான் நமக்கும்.

அந்தக் கிராமத்தில் இருக்கும் ரோமா என்ற நாடோடி இன மக்கள் அவனைப் பார்த்து முதலில் கேலியாகச் சிரிப்பார்கள். படித்த ஜெர்மன் இளைஞனுக்கு அவர்கள் மூட நம்பிக்கைக்காரர்கள். ஆனால் என்ன ஆபத்து, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று படம் முழுக்கத் தெளிவாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். தாமஸின் ஊரில் அந்த அறிவு யாரிடமும் இல்லை.

ஓர்லோக்கின் குரல் கணினியில் செய்ததா?

ஓர்லோக்காக நடித்த பில் ஸ்கார்ஸ்கார்டின் சொந்தக் குரலேதான். குரலைக் கீழே இறக்குவதற்காக ஓர் ஓபரா பாடகியிடம் பயிற்சி எடுத்துக்கொண்டார். நல்ல ஒலி அமைப்புள்ள தியேட்டரில் அந்தக் குரல் இருக்கையின் கைப்பிடி வழியாக ஏறும். அவர் முணுமுணுக்கும் புரியாத மொழி டேசியன். ருமேனியப் பகுதியில் பண்டைக் காலத்தில் பேசப்பட்டு அழிந்துபோனது. கிடைத்த சொற்பத் தடயங்களை வைத்துப் படத்துக்காக அதை மீட்டுருவாக்கினார்கள். வசனங்களுக்கு சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கதை ஏன் 1838-இல் நடக்க வேண்டும்? இன்றைக்கு நடப்பதாக எடுத்திருக்கலாமே?

எடுத்தால் எல்லனின் கதை செத்துவிடும்.

தாமஸ் கிளம்பும் முன்பு வரும் காலைக் காட்சியைப் பாருங்கள். எல்லன் தன் கனவைச் சொல்கிறாள். அவளுக்குக் கல்யாணம் நடக்கிறது. எதிரே நிற்கும் மாப்பிள்ளை மரணம். திரும்பிப் பார்த்தால் உறவினர்கள் எல்லோரும் பிணமாகக் கிடக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் தன் வாழ்நாளிலேயே காணாத சந்தோஷம் இருந்தது என்கிறாள். சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்து, உடனே பயந்து அடங்குகிறது. தாமஸ் நல்லவன், அவளை நேசிப்பவன். அவன் சொல்லும் பதில், இதையெல்லாம் இனி ஒருபோதும் வாய்விட்டுப் பேசாதே என்பது.

அந்தக் காலம் அவளுக்குக் கொடுத்த ஒரே பதில் அதுதான். வலிப்பு வந்தால் டாக்டர் சீவர்ஸ் வருகிறார். ஈதர் என்ற மயக்க மருந்து கொடுக்கிறார், கட்டிலோடு கட்டச் சொல்கிறார், இரவிலும் இறுக்கமான உள்கச்சையோடு தூங்கினால் கருப்பை அமைதியாகும் என்று யோசனை சொல்கிறார். அவர் கெட்டவர் இல்லை. அன்றைய மருத்துவம் அவ்வளவுதான். தங்க இடம் கொடுத்த நண்பர் ஹார்டிங்குக்கும் அவள் ஒரு தொந்தரவு. ஜெர்மனியில் நெப்போலியன் போர்கள் முடிந்த 1815-இலிருந்து 1848 புரட்சி வரைக்கும் நடுத்தர வர்க்கம் வீட்டுக்குள் ஒடுங்கி, மேஜை விரிப்பும் பியானோவும் குடும்ப ஒழுக்கமுமாக வாழ்ந்த காலம். லிண்டா முயிர் வடிவமைத்த உடைகளைப் பாருங்கள். காது வரை ஏறிய காலர், இறுக்கிக் கட்டிய இடுப்பு, தொங்கும் நாடா. அந்தத் துணிக்குள் எல்லன் மூச்சு முட்டுவது கண்ணுக்குத் தெரியும்.

ஊரெல்லாம் காது கொடுக்காத ஒரு பெண்ணுக்குக் காது கொடுத்த ஒரே ஜீவன் அந்தக் காட்டேரி. அதுதான் படத்தின் உண்மையான திகில்.

எல்லனாக லில்லி ரோஸ் டெப் நன்றாக நடித்திருக்கிறாரா? மிகையாக இல்லையா?

மிக நன்றாக. வலிப்புக் காட்சிகளில் உடம்பு வில்லாக வளைவது, கண் மேலே சொருகுவது எல்லாம் அவர் உடம்பால் செய்தது. ஜப்பானிய புட்டோ நடனத்தை அடிப்படையாக வைத்துப் பயிற்சி எடுத்தார். மிகை என்று சொல்பவர்கள் தாமஸ் திரும்பி வந்தபின் இருவரும் சண்டை போடும் நீண்ட காட்சியை மறுபடி பார்க்கட்டும். வெட்கம், கோபம், ஏக்கம், ஏளனம் என்று ஒன்றன் மேல் ஒன்றாக அவர் முகம் மாறிக்கொண்டே போகிறது. அதில் எது அவள், எது அவளைப் பிடித்தது என்று பிரிக்கவே முடியாது. அப்படிப் பிரிக்க முடியாமல் வைத்ததைத்தான் நான் சாதனை என்கிறேன்.

வில்லம் டஃபோ பேராசிரியர் ஃபான் ஃபிரான்ஸாக வந்ததும் படத்துக்குப் புது மூச்சு கிடைக்கிறது. ‘ஷேடோ ஆஃப் த வாம்பயர்’ என்ற 2000-ஆம் ஆண்டுப் படத்தில் அவர் மாக்ஸ் ஷ்ரெக்காகவே நடித்தவர். அன்று காட்டேரி, இன்று காட்டேரியைத் தேடுபவர்.

எலிகளும் பிளேக்கும் எதற்கு?

நாவலில் பிளேக் கிடையாது. அதைச் சேர்த்தது 1922 படம். ஐரோப்பா முதல் உலகப் போரையும் 1918 விஷக்காய்ச்சலையும் தாண்டி வந்திருந்த நேரம், சவப்பெட்டிகள் வரிசையாகத் தெருவில் போகும் காட்சி அன்றைய பார்வையாளர்களுக்கு அந்நியமாக இருந்திருக்காது. எக்கர்ஸ் அதை அப்படியே வைத்துக்கொண்டார். நகரத்தின் கூரைகள் மேல் ஓர்லோக்கின் கை நிழலாகப் படர்ந்து போகும் ஒரு காட்சி வரும். இசை உட்பட எல்லாம் சேர்ந்து என்னை உறைய வைத்த இடம் அது. எலிகளில் நிறைய உயிருள்ள நிஜ எலிகள்.

படம் ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது? என் டிவியில் ஒன்றுமே தெரியவில்லை.

பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் தெரியாது. ஒளிப்பதிவாளர் ஜேரின் பிளாஷ்கே இதை 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தார். உட்புறக் காட்சிகளுக்குப் பெரும்பாலும் மெழுகுவர்த்தி, நெருப்பு வெளிச்சம். நிலவொளிக் காட்சிகளில் சிவப்பு நிறத்தைத் தடுக்கும் ஃபில்டர் போட்டதால் தோல் சாம்பல் நிறத்துக்குப் போய், கிட்டத்தட்டக் கறுப்பு வெள்ளையாகவே தெரிகிறது. நிலா வெளிச்சத்தில் நம் கண்ணுக்கும் நிறம் தெரியாது, அந்த நியாயம்தான். ஒளிப்பதிவு, கலை, உடை, ஒப்பனை ஆகிய நான்குக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது ஒன்றும் கிடைக்கவில்லை. ஒளிப்பதிவுக்காவது கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வீட்டில் பார்ப்பதானால் இரவில், விளக்கை அணைத்துவிட்டு, டிவியின் பளிச்சென்ற பட அமைப்பை ‘சினிமா’ என்பதற்கு மாற்றிக்கொண்டு பாருங்கள். போனில் மட்டும் வேண்டாம், தயவுசெய்து.

குறையே இல்லையா?

இருக்கிறது. தாமஸ் கோட்டையை விட்டு வெளியேறியபின், ஓர்லோக் வரும் கப்பல் ஊர் சேரும்வரை படம் கொஞ்சம் தள்ளாடுகிறது. ஹார்டிங் வீட்டில் எல்லன் வலிப்பில் விழுவதும் டாக்டர் வருவதும் ஒரு முறைக்கு மேல் வருகிறது, ஒன்றைக் குறைத்திருக்கலாம். ஃபான் ஃபிரான்ஸ் சில விஷயங்களை அளவுக்கு மீறி விளக்குகிறார். கோட்டைப் பகுதியில் எதையும் விளக்காமல் நம்மை நம்பிய இயக்குநர், இங்கே ஏன் நம்பவில்லை என்று தோன்றியது. அப்புறம், திடீர்ச் சத்தங்கள். இவ்வளவு அழகாகக் கட்டிய மௌனத்தை இரண்டு மூன்று இடங்களில் அவை உடைக்கின்றன.

முடிவு எனக்குச் சரியாகப் புரியவில்லை. எல்லன் தோற்றுவிட்டாளா? (முடிவு முழுவதும் வெளிப்படும்)

மூன்று இரவு அவகாசம், அதற்குள் எல்லன் தானாக மனம் ஒப்பித் தன்னிடம் வர வேண்டும் என்பது ஓர்லோக்கின் நிபந்தனை. வலுக்கட்டாயமாக எடுத்துக்கொள்ள அவனால் முடியாது. இரண்டாம் இரவில் அவளுடைய தோழி ஆன்னாவும் அவள் குழந்தைகளும் செத்தபின், இதற்கு மருந்து தன்னிடம் மட்டுமே இருப்பதை எல்லன் உணர்கிறாள். ஆண்கள் கூர்மரமும் கையுமாக, ஓர்லோக் வாங்கிய பழைய மாளிகைக்கு ஓடுகிறார்கள். அங்கே சவப்பெட்டியில் கிடப்பது ஓர்லோக் இல்லை, க்னாக். அவர்களை அங்கே அனுப்பியதே எல்லனும் பேராசிரியரும் பேசி வைத்த ஏற்பாடு. அவள் வீட்டில் மணப்பெண் உடையில் காத்திருக்கிறாள். விடியும் வரை அவனைத் தன்னிடமிருந்து போக விடாமல் வைத்துக்கொள்கிறாள். சேவல் கூவும்போது அவன் தலை தூக்குகிறான், அவள் மெல்ல அவனை மறுபடி இழுத்துக்கொள்கிறாள். வெளிச்சம் வருகிறது.

இதைத் தியாகம் என்று மட்டும் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தியாகம் என்றால் தனக்குச் சம்பந்தமில்லாத ஒன்றுக்காக உயிரைக் கொடுப்பது போல் ஆகிவிடுகிறது. எல்லனுக்கு அவன் மேல் அருவருப்பும் உண்டு, ஈர்ப்பும் உண்டு. இந்தத் தீமை நமக்குள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்று பேராசிரியரிடம் முன்பே கேட்டவள் அவள். யாரும் பதில் சொல்லவில்லை. கடைசி இரவில், தன்னுள் இருந்த எதை ஊர் நோய் என்று சொன்னதோ, அதையே கருவியாக எடுத்து அவனைக் கொல்கிறாள். ஆகவே என் பதில்: தோற்கவில்லை. ஆனால் அவள் சாகாமல் ஜெயிக்க ஒரு வழியையும் அந்த ஊர் மிச்சம் வைக்கவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

குடும்பத்தோடு பார்க்கலாமா?

பெரியவர்கள் மட்டும். நிர்வாணக் காட்சிகள், பிணங்கள், குழந்தைகளுக்கு நேரும் கேடு, உயிருள்ள புறாவின் தலையை ஒருவன் கடிப்பது எல்லாம் இருக்கின்றன. இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும் படமும் இல்லை.

பிடித்திருந்தால் அடுத்து எதைப் பார்ப்பது?

1922 படம். பொது உடைமையாகிவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மங்கலான பிரதிகளைத் தவிர்த்து, இரவுக் காட்சிகளுக்கு நீலமும் பகலுக்கு மஞ்சளும் சாயம் ஏற்றிச் சீரமைத்த பிரதியைத் தேடுங்கள். பிறகு ஹெர்ஸாக்கின் 1979 படம். அதில் காட்டேரிக்குச் சாக முடியாத சோகம் இருக்கிறது. மூன்றையும் பார்த்தபின் எல்லனின் முடிவைப் பற்றி மேலே நான் சொன்னதோடு உங்களுக்கு உடன்பாடில்லை என்றால், எழுதுங்கள், பேசலாம்.